அம்மாவின் முதுகில் யார் கை

என் கையைத் தட்டித் தட்டியே விட்ட என் அருமை அம்மாவுக்கு,

வருகிற ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கொடைக்கானலில் இன்றைக்கு நல்ல வெயில். சீசன் கூட்டம் இல்லாததால் மூஞ்சிக்கல்லில் ரோட்டை நிம்மதியாகக் கடக்க முடிகிறது. என் உரக்கடை வாசலில் புதிதாக ஒரு பூனை வந்து உட்கார்ந்துகொண்டு, வருகிறவர்களையெல்லாம் முறைக்கிறது. நீ இருந்தால் விரட்டியிருப்பாய். நம் ஊர் கவுஞ்சியில் தம்பி இந்த முறையும் பூண்டுதான் போடப்போகிறான். கேரட் போடு என்று நான் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை. எல்லாரும் நன்றாக இருக்கிறோம். நான் மட்டும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. எனக்கு அந்தப் பொறாமை இன்னும் அடங்கவில்லை.

யார் மேல் என்று நீ கேட்க மாட்டாய். உன் அருமை மருமகள் மேல்தான். தம்பி பொண்டாட்டி தவமணி மேல். சரியாகச் சொன்னால் அவள் மேல்கூட இல்லை, அவளுடைய வலது கை மேல். இன்னொருத்தியின் கையைப் பார்த்து வயிறு எரிகிற பெண்ணை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? பெற்றே வைத்திருந்தாய்.

இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையே கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். நீ வழக்கம்போல் நடுவில் புகுந்து திருத்தாமல் கேள்.

நீ போவதற்கு முந்தின தை மாசப் பனியில் உனக்கு முதுகில் அக்கி வந்தது. இடது பக்க விலாவில் தொடங்கி முதுகுத்தண்டு வரைக்கும் பட்டையாகக் கொப்புளம். தம்பி உன்னை ஜீப்பில் ஏற்றிப் பண்ணைக்காட்டுக்குக் கூட்டிப்போய், மண்பானை செய்கிறவர் ஒருவரிடம் காவியில் அக்கி எழுதவைத்துக் கூட்டிவந்தான். நான் உடனே சண்டை போட்டு உன்னைக் கொடைக்கானல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் உன்னைத் திருப்பி உட்காரவைத்து முதுகைப் பார்த்தார். காவியில் வரைந்திருந்த சிங்கம் அவரைப் பார்த்தது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். நீ பெருமையாக, "நல்லா எழுதியிருக்காருல்ல?" என்று அவரிடமே கேட்டாய்.

கொப்புளம் காய்ந்தது. சிங்கமும் உதிர்ந்தது. வலி மட்டும் தங்கிவிட்டது. அக்கி வந்து போன நரம்பில் சிலருக்கு அப்படி மாசக் கணக்கில் வலி இருக்கும் என்றார் டாக்டர். நரம்பு வலிக்கு மாத்திரை தந்தார். போட்டால் தூங்கினாய், எழுந்தால் எரிந்தது. ரவிக்கை பட்டால் நெருப்பு என்றாய். ஜன்னல் வழியாகக் காற்று வந்தால் நெருப்பு என்றாய். கவுஞ்சிக் குளிரில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்க, நீ மட்டும் முதுகைத் திறந்துபோட்டு அடுப்புக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருப்பாய்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் கடையை அடைத்துவிட்டு நான் கவுஞ்சி பஸ்ஸில் ஏறுவேன். வழியெல்லாம் உன் முதுகுதான் என் நினைப்பில் இருக்கும். வந்ததும் வராததுமாகச் செருப்பை உதறிவிட்டு உன் பக்கத்தில் உட்கார்வேன். உனக்கு வலித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு, விரல் நுனியால் மெல்ல, மிக மெல்லத் தடவுவேன்.

"அடியே, எடுடி கையை!"

படாரென்று தட்டிவிடுவாய். உடம்பில் ஒன்றுமே இல்லாத நீ, பின்பக்கமாகக் கையை வீசி அத்தனை சரியாக அடிக்க எங்கேதான் கற்றாயோ. என் கண்ணாடி வளையல் உடைந்த நாளும் உண்டு. நான் கையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி உட்கார்வேன்.

அப்புறம் அவள் வருவாள். தோட்டத்திலிருந்து அப்படியே வந்து, கையை வெந்நீரில் கழுவி, சேலையில் துடைத்துக்கொள்வாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன கை அது. எரிகிற இடம் எதுவோ அங்கேயே உள்ளங்கையைப் பொத்தென்று வைத்து அழுத்துவாள். பிசைந்த மாவை அமுக்குகிற மாதிரி ஒரு அமுக்கு. எனக்குப் பதறும். "மெதுவா, மெதுவா" என்று நான்தான் கத்துவேன். நீ கத்த மாட்டாய். கண்ணை மூடிக்கொள்வாய். கொஞ்ச நேரம் கழித்து, அமைதியாக, "போதும் தாயி" என்பாய்.

தாயி! என்னை ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறாயா? நான் உன் வயிற்றில் பிறந்தவள், எனக்கு அடியே. எங்கிருந்தோ கட்டிக்கொண்டு வந்தவள், அவளுக்குத் தாயி. திரும்பிப் போகிற பஸ்ஸில் அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் மென்றுகொண்டு வருவேன். பூம்பாறை தாண்டும்வரைக்கும் அழுகை வரும், அதற்கப்புறம் கோபம் வரும்.

கையால் அவளை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனது. வேறு எதனாலாவது ஜெயிக்க வேண்டும் என்று இருந்தேன். அப்போதுதான் உன் பேத்தி ஆர்த்தி அந்தச் செய்தியைச் சொன்னாள்.

உனக்குத்தான் தெரியுமே, என் மகள் செய்கிற ஆராய்ச்சியே முதுகுத்தண்டைப் பற்றியதுதான். உடம்பில் எங்கே வலித்தாலும் அந்தச் சேதி முதுகுத்தண்டு வழியாகத்தான் மூளைக்கு ஏறுகிறது. அப்படி ஏறும்போது ஜிங்க் என்கிற துத்தநாகம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது அவள் ஆய்வுக்கூடத்தின் சோலி. ஒரு நாள் போனில் பேச்சுவாக்கில், "முதுகுத்தண்டுல ஜிங்க் இருக்கும்மா, அது வலியை அடக்கி வைக்குது" என்றாள்.

ஜிங்க்! நான் தினமும் விற்கிற சரக்கு! அவள் மேற்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்துவிட்டேன்.

என் கடையில் வேலை எப்படி நடக்கும் என்று நீ பார்த்திருக்கிறாய். தோட்டக்காரர்கள் ஒரு இலையைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வந்து மேஜையில் போடுவார்கள். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். நரம்பு பச்சையாக இருந்து நடுவில் வெளுத்து, குருத்து சிறுத்து நின்றால், "ஜிங்க் குறைச்சல்ங்க. தண்ணியில கலந்து தெளிங்க, வெரசா பச்சை கட்டிரும்" என்பேன். பச்சை கட்டும். அடுத்த முறை வரும்போது சிரித்துக்கொண்டே வருவார்கள். இத்தனை வருஷம் இலையைப் பார்த்துப் பழகிய கண்ணால்தான் அன்றைக்கு உன்னையும் பார்த்தேன். எங்கேயோ ஒன்று குறைகிறது, அதைக் கொடுத்தால் சரியாகிவிடும். அவளிடம் கை இருந்தால் இருக்கட்டும், என்னிடம் ஜிங்க் இருக்கிறது.

கடை மூட்டையிலிருந்து அள்ளிக்கொண்டு வரவில்லை, அந்த அளவுக்குப் பொறாமை முற்றவில்லை. மருந்துக் கடையில் மாத்திரைதான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் வந்து, நீ காப்பிகூடக் குடிக்காத நேரத்தில், வெறும் வயிற்றில் முழுங்கவைத்தேன். தவமணி சமையல் கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மாத்திரை மதினி?" என்று கேட்டாள். "உனக்குப் புரியாது" என்றேன். அந்த வார்த்தை வாயில் எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா?

நீ வாந்தி எடுத்தாய். குடலே வெளியே வந்துவிடும்போல் எடுத்தாய். எடுக்கும்போது உன் முதுகை அழுத்திப் பிடித்திருந்தது யார் கை? அதே கைதான். வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "நான் என்ன பூண்டுச் செடியாடி? மருந்தடிக்க வந்துட்டா!" என்றாய். அவளும் சிரித்தாள், நீயும் சிரித்தாய். மாமியாரும் மருமகளும் சேர்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். டாக்டரிடம் சொன்னபோது, கண்டதைக் கொடுக்காதீர்கள் என்று என்னைத்தான் திட்டினார்.

அப்புறம் ஐப்பசி மழையில் உனக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. தம்பி போன் செய்ததும் புறப்பட்டேன். பஸ் கிடைக்காமல் காய்கறி வண்டியில் ஏறி, நான் வந்து சேர்வதற்குள் நீ போய்விட்டிருந்தாய். தவமணி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உன் முதுகு அவள் கை மேல்தான் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். "மகளைவிட மருமக நல்லாப் பார்த்துக்கிட்டா." உன்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது அழுதேனே, அதில் பாதி அந்த வார்த்தைக்காக அழுதது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது?

போன வாரம் ஆர்த்தி லீவில் வந்திருந்தாள். கடையில் கூட்டம் இல்லை. அவள் மேஜை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். நான் மனசில் கிடந்த கேள்வியைக் கேட்டேன்.

"ஏன்டி, அந்த ஜிங்க் வலியை அடக்கும்னு சொன்னியே. அம்மாச்சிக்கு ஏன் அடக்கல?"

"நீ அன்னைக்குப் பாதியில போனை வச்சுட்ட. இப்பவாச்சும் முழுசாக் கேளு" என்று ஆரம்பித்தாள். "உடம்புலருந்து வர்ற நரம்பு முதுகுத்தண்டுல வந்து முடியும். அதுக்கு எதிர்ல, மூளைக்குச் சேதி கொண்டு போற அடுத்த நரம்பு. நடுவுல ஒரு சின்ன சந்து. முதல் நரம்பு அந்தச் சந்துல குளுட்டமேட்னு ஒன்னைக் கொட்டும். அது எதிர்ப்பக்கம் போயி கதவைத் திறக்கும். வலி மேல ஏறும்."

"சரி."

"சில நரம்பு முனையில அந்தக் குளுட்டமேட்டோடயே ஜிங்க்கையும் சேர்த்துப் பொட்டலம் கட்டி வச்சிருக்கு. கொட்டும்போது ரெண்டும் சேர்ந்துதான் விழும். ஆனா ஜிங்க் போயி அந்தக் கதவுலயே ஒட்டிக்கிட்டு, ரொம்பத் திறந்துராமப் பிடிச்சுக்கும். எலிக்கு முதுகுத்தண்டுல அந்த ஜிங்க்கை மட்டும் பிடிச்சு எடுத்துட்டா, கொஞ்ச வலிக்கே ரொம்பத் துடிக்கும்."

"திறக்கிறதும் அதே பொட்டலத்துல, பிடிக்கிறதும் அதே பொட்டலத்துலயா?"

"ஆமா. அதான் அதுல அழகே."

கொடைக்கானலுக்கு ஏறுகிற வழியில் செக்போஸ்ட்டில் தடுப்புக் கட்டையைத் தூக்கிவிடுகிற ஆளே, "மெதுவாப் போங்க, மெதுவா" என்று கையையும் காட்டுவாரே, அதை நினைத்துக்கொண்டேன். எனக்குப் புரிந்தது. கடையில் இத்தனை நாள் மூட்டை மூட்டையாகக் கிடந்தது இவ்வளவு பெரிய ஆளா என்று அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப நான் குடுத்த மாத்திரை?"

"வயித்துக்குள்ள போற ஜிங்க் நேரா முதுகுத்தண்டுக்கு ஓடிராதும்மா. அங்க காவல் இருக்கு, உடம்பு அளந்துதான் உள்ள விடும். அதுவும் இல்லாம, அதே ஜிங்க் தோல் பக்கத்துல எரிச்சலைக் கிளப்பவும் செய்யும். நரம்பு அடிபட்டுப் போச்சுன்னா தண்டுக்குள்ளயே அது வேற மாதிரி நடந்துக்குதோன்னு சந்தேகமும் இருக்கு. இடத்தைப் பொறுத்தது. நாங்களே இன்னும் தேடிக்கிட்டுத்தான் இருக்கோம். மேல தெளிச்சா சரியாப் போறதுக்கு அம்மாச்சி என்ன செடியா?"

அம்மா, உன் வார்த்தை அப்படியே அவள் வாயில் வருகிறது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"அம்மாச்சிக்கு அக்கி அந்த நரம்பையே கெடுத்துருச்சு" என்றாள். "கதவை அடக்கிப் பிடிக்கிற ஏற்பாடு பலவீனமாப் போனா, தொட்டதுன்னு வர்ற சேதிகூட வலி போற ரோட்டுல ஏறிரும். சேலை உரசுறது, காத்து படுறது, விரலால மெல்லத் தடவுறது, இதெல்லாம்தான் நெருப்பு மாதிரி எரியும். உள்ளங்கையை ஒரே இடத்துல வச்சு அசையாம அழுத்துனா பல பேருக்கு அவ்வளவு எரியாது. டாக்டருங்க தோல்ல பஞ்சை மெல்ல இழுத்து எரியுதான்னு பார்க்கிறதே அதுக்குத்தான்."

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"அழுத்திப் பிடிச்சா யார் கையா இருந்தாலும் எரியாதா?"

"யார் கையா இருந்தாலும்தான். ஆனா முழுசாக் கேளும்மா, இன்னொரு விஷயம்..."

அம்மா, அந்த நேரம் என் மனசு குளிர்ந்தது பார், அப்படிக் குளிர்ந்தது. அவள் கையில் ஒன்றும் இல்லை! பாசமும் இல்லை, ராசியும் இல்லை. நான் மெல்லத் தொட்டேன், அவள் அமுக்கினாள், அவ்வளவுதான் வித்தியாசம். என் கை உனக்குப் பிடிக்காமல் இல்லை. நான் பூப்போலத் தொட்டதுதான் குற்றம். உலகத்தில் எந்த மகளாவது நோகிற இடத்தில் அமுக்குவாளா? அமுக்க மனசு வராதவள்தான் மகள். இதைப் போய் அவளிடம் சொல்லாமல் எனக்கு எப்படித் தூக்கம் வரும்?

மறுநாள் காலையிலேயே புறப்பட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை, கடையை ஆர்த்தியிடம் விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கு வழியனுப்ப வந்தவள் ஜன்னல் ஓரமாக நின்று, நேற்று விட்ட இடத்திலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் தலையை ஆட்டினேன். காதில் எதுவும் ஏறவில்லை. தவமணியிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் உள்ளுக்குள் ஒத்திகை ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வீட்டு முன்னால் வெயிலில் சாக்கை விரித்து உட்கார்ந்து விதைப்பூண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் முழுப்பூண்டு, ஒரு பக்கம் பல் பல்லாகப் பிரித்துப் போட்ட குவியல். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க மதினி. என்ன திடீர்னு? ஆர்த்தி நல்லாருக்கா?" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நானும் உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்து உடைத்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். முடியவில்லை. மூன்றாவது பூண்டுக்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதுகுத்தண்டு, சந்து, பொட்டலம், கதவு, ஜிங்க், பஞ்சு, எல்லாம்.

"அதனால அம்மாவுக்கு வலி அடங்குனது உன் கைன்னு இல்ல தவமணி. அழுத்திப் பிடிச்சதால. யார் அழுத்தியிருந்தாலும் அடங்கியிருக்கும்."

அவள் பூண்டு உடைப்பதை நிறுத்தவில்லை. காய்ந்த தோலை ஊதித் தள்ளினாள். அப்புறம் கேட்டாள்.

"அடங்குச்சுன்னு யாரு சொன்னது மதினி?"

"என்னடி சொல்ற?"

"நான் கை வச்ச உடனே அத்தைக்கு முதுகு அப்படியே விறைக்கும். பல்லைக் கடிச்சுக்குவாங்க. உங்களுக்கு அவங்க மூஞ்சிதான் தெரியும், எனக்குக் கைக்குக் கீழ தெரியும்ல. கொஞ்ச நேரம் அசையாமப் பிடிச்சிருந்தா இளகும். நீங்க சொல்ற மாதிரி அழுத்துனதுல கொஞ்சம் கேட்டிருக்கும், இல்லைங்கல. ஆனா முதல்ல வலிக்கத்தான் செஞ்சது."

"அப்ப ஏன் கத்தல?"

"மருமககிட்ட எப்படிக் கத்துவாங்க?" என்று என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்கிட்ட மரியாதை. நீங்க வர்ற பஸ்ஸு கீழ வளைவுல ஹாரன் அடிக்கும்ல, அது கேட்டதும் முனங்க ஆரம்பிப்பாங்க. வாரம் பூரா வாயைத் தொறக்காதவங்க, அன்னைக்குத்தான் தொறப்பாங்க. சேர்த்து வச்சது பூராம் உங்களுக்குத்தான்."

அவள் குரல் உயரவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"போதும் தாயி, போதும் தாயின்னுதானே சொன்னாங்க, உன்னை எவ்வளவு..." என்று இழுத்தேன்.

"தாயின்னு சந்தையில பூண்டு வாங்குறவரு கூடத்தான் கூப்பிடுறாரு." ஒரு பூண்டை இரண்டு கையாலும் அழுத்தி உடைத்தாள். "அடியேன்னு கூப்பிடத்தான் ஆளு வேணும். நீங்க வந்துட்டுப் போன பிறகு நான் அடுப்படியில நின்னு அழுதிருக்கேன் மதினி. நானும் அத்தனை நாளும் கை வச்சேன்ல? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அடியே எடுடி கையைன்னு என் கையைத் தட்டிவிட்டிருந்தாங்கன்னா, நானும் மகளாயிருப்பேன்."

அம்மா, இது உண்மையா? நீ பல்லைக் கடித்துக்கொண்டாயா? அவளுக்கு வலிக்கக் கூடாது என்று உன் வலியை முழுங்கினாயா? இல்லை, இவள் என்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறாளா? அப்படிச் சொல்லக்கூடிய ஆளும்தான் இவள், அதுவும் எனக்கு எரிச்சல்.

காலையில் பஸ் ஜன்னல் ஓரமாக நின்று ஆர்த்தி சொன்னது அப்போதுதான் என் காதுக்குள் ஏறியது. "கீழருந்து மேல மட்டும் சேதி போகலம்மா. மூளையிலருந்தும் முதுகுத்தண்டுக்கு இறங்கி வரும். அதுவும் கதவைத் திறக்கும், மூடும். பக்கத்துல யாரு இருக்காங்க, என்ன எதிர்பார்க்கிறோம், பயமா, தைரியமா, எல்லாம் அதுல சேரும். அதனால அம்மாச்சிக்கு எது எவ்வளவு வலிச்சதுன்னு ஜிங்க்கை மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது."

வளைவில் என் பஸ் ஹாரன் அடித்தபோது உனக்குள் எந்தக் கதவு திறந்தது, எந்தக் கதவு மூடியது? அது உன்னிடம் மட்டுமே இருந்தது. நீ கொண்டுபோய்விட்டாய்.

நான் ஜெயிக்கத்தான் கவுஞ்சிக்குப் போனேன். ஜெயித்தும்விட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள். ஆனால் அந்த நிமிஷமும் எனக்குப் பொறாமைதான் வந்தது. உன் முதுகு விறைத்ததும் இளகியதும் அவள் உள்ளங்கைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு உன் அடி தெரியும், உன் முதுகு தெரியாது. ஒரு நாள்கூட முழுதாக என் கை அங்கே தங்கியதில்லை. அதை நினைத்ததும், பூண்டுக் குவியலுக்கு முன்னால், இந்த வயதில், நான் தேம்பித் தேம்பி அழுதேன்.

தவமணி பதறிப்போய்ப் பக்கத்தில் நகர்ந்து வந்தாள். பூண்டு வாடை அடிக்கிற கையை என் முதுகில் வைத்தாள். அமுக்கவில்லை. ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவு பெரிய காய்த்த கை, விரல் நுனியால் மெல்ல, மிக மெல்லத் தடவியது. எனக்கு வலித்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினாள்.

நான் பின்பக்கமாகக் கையை வீசிப் படாரென்று தட்டிவிட்டேன்.

"அடியே, எடுடி கையை!"

அது என் குரலே இல்லை அம்மா, உன் குரல். முற்றத்தில் இருந்த கோழிகூட நிமிர்ந்து பார்த்தது. தவமணி கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். அடி விழுந்த இடம் சிவந்திருந்தது. முதலில் சிரித்தாள், அப்புறம் கண்ணிலிருந்து கொட்டியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க மதினி" என்றாள்.

"போடி. ஒன்னுதான்" என்றேன்.

மத்தியானம் அவள் கையால் சோறு போட்டாள். பூண்டுக் குழம்பு. உன் குழம்பைவிட நன்றாக வைக்கிறாள், அதையும் உன்னிடம்தான் சொல்ல முடியும், அவளிடம் சொல்ல மாட்டேன். பஸ் ஏறும்போது விதைக்குப் போக மிஞ்சிய பூண்டை ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். ஊர் வந்து சேரும்வரைக்கும் அந்தப் பை என் மடியில்தான் இருந்தது.

இப்போது உனக்கு ஒரு வாக்கு கொடுக்கிறேன். வருகிற ஐப்பசியில் உன் வருஷத் திதிக்குக் கவுஞ்சி போவேன். அதற்கப்புறமும் ஒவ்வொரு வருஷமும் போவேன். போகிறபோதெல்லாம் தவமணியின் கையை ஒரு தடவை தட்டிவிடுவேன், நீ அவளுக்குக் கொடுக்காமல் போனதை உன் பேரில் கொடுப்பேன். ஆனால் வருஷத்துக்கு ஒன்று, அதற்கு மேல் கேட்காதே. மிச்சம் அத்தனையும் எனக்கு விழுந்தது, அதில் அவளுக்குப் பங்கு கிடையாது.

இன்னொன்று. என்றைக்காவது நான் உன்னிடம் வந்து சேருவேன். வந்ததும் வராததுமாக உன் பக்கத்தில் உட்கார்ந்து, இந்தத் தடவை சரியாக, உள்ளங்கையை வைத்து, அசையாமல் அழுத்திப் பிடிப்பேன். அங்கே உனக்கு வலி இருக்காது என்று தெரியும். இருந்தாலும் ஒரு தடவை தட்டிவிடு அம்மா.

உன் 'அடியே',
மூத்தவள் ஜெயா